மேசைமேல் ஒரு சாகசம்: நரம்பியல் வேறுபாடுள்ள குழந்தைகளோடு பாத்திர விளையாட்டு நடத்தும் முறை

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி ஒரு கதையைச் சேர்ந்தே நகர்த்திச் செல்வது பாத்திர விளையாட்டு. ஒருவர் கதைசொல்லியாக இருந்து சூழ்நிலையை விவரிப்பார். மற்றவர்கள் அந்தச் சூழ்நிலையில் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு இன்னதென்று சொல்ல முடியாத இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகையின் முன்னோடி. பெங்களூரில் இதைப் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களும் ஐடி துறையினரும்தான் ஆடுகிறார்கள். ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதும் அடங்கி இருப்பதும் கடினமாக இருக்கும் நிலை), டிஸ்லெக்சியா (வாசிப்பதும் எழுதுவதும் கடினமாக இருக்கும் நிலை) போன்ற வேறுபாடுகளோடு வளரும் பிள்ளைகளுக்காக இதே விளையாட்டை வீட்டுக் கூடத்திலோ அடுக்ககத்தின் கிளப் ஹவுஸிலோ எப்படி நடத்தலாம் என்பதே இக்கட்டுரை.

முதலில், இது இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் பொருந்துகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. பள்ளியின் மதிய இடைவேளையில் நான்கு பேர் கூடிப் பேசும்போது யார் எப்போது குறுக்கிடலாம், எது கேலி, எது நிஜம், பேச்சு எப்போது கிரிக்கெட்டிலிருந்து வேறொன்றுக்குத் தாவியது என்பதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. மற்ற பிள்ளைகள் தாமாகப் பிடித்துக்கொள்வதை ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒவ்வொரு கணமும் யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டு மேசையில் இவை அனைத்தும் வெளிப்படையானவை. உன் முறை எப்போது வரும் என்பது தெரியும், பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கும், சொன்னது பலிக்காவிட்டால் தோற்றது பாத்திரமே தவிரப் பிள்ளையன்று.

ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012-இல் முன்வைத்த கருத்தொன்றை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் முறியும்போது, குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்பதே அவர் வாதம். அதை ஏற்றுக்கொண்டால் மேசையில் உங்கள் வேலை என்ன என்பது தெளிவாகிவிடும். பிள்ளையை ‘சகஜமாக’ நடந்துகொள்ளப் பழக்குவது உங்கள் வேலையன்று. அவன் அவனாகவே இருந்து பிறரோடு சேர்ந்து ஒன்றைச் செய்வதற்கு ஏற்றபடி மேசையை அமைப்பதே வேலை. கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, நேராக உட்கார் போன்ற வாக்கியங்களுக்கு இந்த மேசையில் இடம் கொடுக்காதீர்கள்.

இதன் பயனைப் பற்றி மிகைப்படுத்தாமல் பேசவேண்டும். பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சில வாரங்கள் இதை ஆடிய ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், மேசையில் தங்களை மறைத்துக்கொள்ளாமல் இருக்க முடிந்ததைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அது சிறிய குழு, பெரியவர்களின் குழு. டென்மார்க்கில் 2006-இல் தொடங்கிய ஓஸ்டர்ஸ்கோவ் என்னும் உறைவிடப் பள்ளி பாடங்களையே பாத்திர விளையாட்டின் வழியாக நடத்துகிறது. இவை நம்பிக்கை தருபவை. ஆனால் இவற்றைக் கொண்டு இதை ஒரு சிகிச்சை என்று அழைக்க முடியாது. பேச்சுப் பயிற்சியோ தொழில்வழிச் சிகிச்சையோ நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடத்தில் மருத்துவர் சொன்ன தொடர் ஆலோசனையோ நடந்துகொண்டிருந்தால், அதை நிறுத்திவிட்டு இங்கே வர வேண்டாம்.

குழுவும் இடமும்

மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் போதும். ஐந்தாவது பிள்ளை சேர்ந்தால் ஒவ்வொருவரும் தம் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் நீண்டுவிடும். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பே பெரும் சோதனை. வயது வித்தியாசம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருக்கட்டும். நரம்பியல் வேறுபாடு இல்லாத உடன்பிறப்போ பக்கத்து வீட்டுத் தோழியோ ஒருவர் இருப்பதில் தவறில்லை, ஆனால் அவரை ‘உதவியாளர்’ என்று நியமித்துவிடாதீர்கள். அவரும் ஆட வந்தவர்.

மொழி பற்றிய ஒரு சொல். இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் கன்னடமும், செக்யூரிட்டி அண்ணனிடம் இந்தியும் பேசுகிறார்கள். மேசையில் தமிழ்தான் பேச வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் ஆசை நமக்கு வரும். வேண்டாம். கதையை நீங்கள் தமிழில் சொல்லுங்கள், பதில் எந்த மொழியில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழி வராத பிள்ளை, சென்னையில் உருவான அவாஸ் போன்ற செயலியில் படத்தைத் தொட்டுப் பேசலாம், அட்டையைக் காட்டலாம், பொம்மையை நகர்த்தலாம். அவருக்கு மற்றவரைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படும் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஓசையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிளப் ஹவுஸ் என்றால் அன்று பிறந்தநாள் விழா எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வீடென்றால் குக்கர் விசில் அடங்கும் நேரமாகப் பாருங்கள். மின்விசிறி கிறீச்சிட்டால் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பல குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. நடுவில் பத்து நிமிட இடைவேளையோடு மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் போதும். சுவாரசியம் உச்சத்தில் இருந்தாலும் சொன்ன நேரத்தில் முடித்துவிடுங்கள், ஏனெனில் சொன்னபடி நடப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். பெற்றோர் அடுத்த அறையில் காபி குடிக்கலாம். மேசைக்கு அருகில் நின்று, “சொல்லு கண்ணா, ஆன்ட்டி கேக்குறாங்கல்ல” என்று தூண்டக் கூடாது.

முதல் நாள் கதை வேண்டாம்

முதல் சந்திப்பில் கதையைத் தொடங்காமல் விதிகளையும் ஊரையும் மட்டும் பேசுங்கள். ஒரு சார்ட் தாளில் அன்றைய நிகழ்ச்சி வரிசையைப் படங்களோடு எழுதி ஒட்டுங்கள். முடிந்த ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளை எழுந்து வந்து டிக் அடிக்கட்டும். மேசையின் நடுவில் எக்ஸ் என்று எழுதிய அட்டை ஒன்றை வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் பரவலாக்கிய இந்த உத்தியின்படி, கதையில் எதுவாவது பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்றால் யார் வேண்டுமானாலும் அட்டையைத் தொடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கதைசொல்லி உடனே அந்தக் காட்சியை மாற்றிவிடுவார். ‘போதும்’ என்று சொல்லும் உரிமையை ஒரு பிள்ளை கையால் தொட்டு உணரும் இடம் இது. தொடக்கத்தில் சோதித்துப் பார்ப்பதற்காகவே அடிக்கடி தொடுவார்கள். சலிக்காமல் ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுங்கள்.

கதை நடக்கும் ஊர் பிள்ளைகள் அறிந்த ஊராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெங்களூரின் பழைய எல்லையைக் காட்டுவதாகச் சொல்லப்படும் கெம்பேகௌடா கோபுரங்கள் நான்கு இருக்கின்றன: லால்பாக் பாறையின்மேல் ஒன்று, அல்சூர் ஏரிக்கரையில் ஒன்று, கெம்பாம்புதி ஏரிக்கரையில் ஒன்று, மேக்ரி சர்க்கிள் அருகே ஒன்று. நான்கு கோபுரத்துக்கும் நான்கு காவலர்கள், ஒவ்வொருவரிடமும் ஒரு சாவி என்று வைத்துக்கொண்டால் ஒரு பருவம் முழுவதற்கும் கதை கிடைத்துவிடும். குகைக்குள் இறங்கி அரக்கனை வெட்டும் கதைகளைவிட, யாரிடமாவது எதையாவது கேட்டு வாங்க வேண்டிய கதைகள் இங்கே நன்றாக வேலை செய்கின்றன.

பாத்திரத்தை எழுதும்போது ஒரு பக்கத்துக்குள் முடியும் தாளைக் கொடுங்கள்: பெயர், தோற்றம், நன்றாகச் செய்யும் இரண்டு காரியங்கள், பிடிக்காத ஒன்று, பையில் இருக்கும் மூன்று பொருள்கள். மெட்ரோவின் ஊதா வழித்தட நிலையங்களை ஒயிட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டா வரை வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் சிறுவன், தன் பாத்திரமும் எல்லாப் பாதைகளையும் அறிந்த வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டிலும் வகுப்பிலும் ‘எப்பப் பாத்தாலும் ட்ரெயின்தானா’ என்று அடக்கப்படும் அதே ஆர்வம் இங்கே குழுவைக் காப்பாற்றும் திறமையாகிவிடுகிறது. மற்ற பிள்ளைகள் வழி கேட்டு அவனிடம் வருகிறார்கள். நான் பார்த்தவரையில் இந்த விளையாட்டு தரும் பயன்களில் இதற்கு இணையானது வேறில்லை. பிள்ளை தன்னையே பாத்திரமாக எழுதினால், பெயரையாவது மாற்றச் சொல்லுங்கள். அடி பாத்திரத்தின்மேல் விழுவதற்கு அந்தச் சிறு இடைவெளி தேவை.

பகடையும் தோல்வியும்

பகடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மேசையில் அழுகை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. இந்த வகை விளையாட்டுகளில் புகழ்பெற்ற இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு உண்டு. நான்கு பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து முறை உருட்டினால் மொத்தம் இருபது உருட்டல். அதில் படுதோல்வியைக் குறிக்கும் ஒன்று என்ற எண் சராசரியாக ஒரு முறை வரும். தோல்வியைத் தாங்குவது கடினமாக உள்ள பிள்ளைக்கு, தன் திறமைக்குத் தொடர்பே இல்லாமல் வந்து விழும் இந்த ஒன்று பெரும் அநியாயமாகத் தோன்றும்.

எனவே லூடோ பெட்டியில் இருக்கும் சாதாரணப் பகடை இரண்டைச் சேர்த்து உருட்டச் சொல்லுங்கள். மொத்தம் 36 வகையாக விழக்கூடிய இவற்றில் நடுத்தர எண்களே அதிகம் வரும். கூட்டுத்தொகை பத்து அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடந்தது. ஏழு முதல் ஒன்பது வரை என்றால் நடந்தது, ஆனால் ஒரு சிக்கலோடு. ஆறு அல்லது அதற்குக் கீழ் என்றால் சிக்கல் மட்டும். சும்மா உருட்டினால் வெறும் சிக்கலுக்கான வாய்ப்பு 36-இல் 15. பாத்திரத்துக்கு நன்றாகத் தெரிந்த காரியமென்றால் இரண்டைக் கூட்டிக்கொள்ளலாம் என்று விதி வைத்தால் அது 36-இல் 6 ஆகக் குறைந்துவிடும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை தாளில் தானே போட்டுப் பார்த்துவிட்டு, “அப்ப இது என் தப்பு இல்ல, பகடை” என்று சொல்லும்போது அவன் கோபம் பாதி இறங்கியிருக்கும்.

கீழ் எண் விழுந்தால் ‘நீ தோற்றுவிட்டாய்’ என்று சொல்லாமல், அடுத்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள். கதவு திறக்கவில்லை, ஆனால் நீ இழுத்த சத்தத்தில் உள்ளே யாரோ இருமுகிறார்கள். கதை நின்றுவிடாமல் வேறு பக்கம் திரும்பினால் போதும்.

சண்டை வரும்போது

பிள்ளைகள் நால்வர் இருக்கும் இடத்தில் சண்டை வரும். வரட்டும், அதை எப்படிக் கடப்பது என்பதைப் பழகவே இந்த மேசை. ஒரு நாள் அல்சூர் ஏரிக்கரைக் காவலன் படகைத் தர மறுத்தபோது, ஒரு சிறுமி படகைத் திருடிவிடலாம் என்றாள். வழிகாட்டிச் சிறுவனோ கரையோரமாக நடந்து போகும் பாதையைத் தாளில் வரையத் தொடங்கினான். அவள் பொறுமையிழந்து, “எப்பவும் நீதான் லேட் பண்ற” என்று கத்தினாள். அவன் காதைப் பொத்திக்கொண்டான். கதைசொல்லி இருவரையும் கண்டிக்காமல், காவலனின் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னார்: “நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள நீங்க நாலு பேரும் பேசி முடிவு பண்ணி வைங்க.” பிறகு மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். யாரும் பேசாத சில நொடிகளுக்குப் பின், வரைபடத்தைப் பார்த்த இன்னொரு பிள்ளை, பாதி வழி நடந்து அங்கிருந்து படகு பிடிக்கலாமா என்று கேட்டது. கண்டிப்பு பெரியவரிடமிருந்து வந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

உணர்ச்சிகளைப் பற்றிக் கேட்கும்போதும் பாத்திரத்தைக் கேளுங்கள். ‘உனக்கு ஏன் கோபம்?’ என்றால் பல பிள்ளைகளுக்குப் பதில் வராது. ‘உன் வழிகாட்டிக்கு இப்ப உடம்புல எங்க என்ன பண்ணுது?’ என்றால், வயிற்றைப் பிடிக்கிறது, கை சூடாக இருக்கிறது என்று வரும். சில நேரம் பாத்திரத்தின் வருத்தம் பிள்ளையின் உள்ளேயே தங்கிவிடும். கதையில் நாய்க்குட்டி தொலைந்ததற்கு இரவு வரை அழுத பிள்ளைகள் உண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது பாத்திரத் தாளை உறையில் போட்டு மூடுவது, பாத்திரத்துக்கு ஒரு வரி சொல்லி விடைபெறுவது, பிறகு தண்ணீர் குடித்துவிட்டு எதையாவது கொறிப்பது என்று ஒரே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

புலன் நெருக்கடி மிகுந்து பிள்ளை எழுந்து ஓடினால் பின்னால் போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். பாயும் தலையணையும் போட்ட ஓர் ஓரம் முன்பே தயாராக இருக்கட்டும். அவர் பாத்திரம் கோபுர நிழலில் இளைப்பாறுகிறது என்று மேசையில் அறிவித்துவிட்டுக் கதையைத் தொடருங்கள். திரும்பி வந்தால் கேள்வி கேட்காமல் அடுத்த முறையைக் கொடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் வாசலிலேயே ‘எப்படிப் பண்ணான்?’ என்று கேட்பார்கள். பிள்ளையின் முன்னால் மதிப்பெண் போடுவது போன்ற பதிலைத் தவிர்த்து, கதையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்: அவனுடைய வழிகாட்டி இன்று எல்லோரையும் கரை சேர்த்துவிட்டான். மேசையில் பாத்திரத்தின் வாய்வழியே பிள்ளை சொன்ன அந்தரங்கங்களைப் பெற்றோரிடம் கொண்டுபோகாதீர்கள். பிள்ளையின் பாதுகாப்பைத் தொடும் செய்தியாக இருந்தால் மட்டும், தனியே அழைத்து, அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது என்று தோன்றினால் வீட்டாரிடம் போகாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

ஆண்டுத் தேர்வு நெருங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குழு எப்படியும் கலையும். அதற்கு முந்தைய ஆட்டத்தில் பாத்திரங்களை ஒரு கோபுரத்தில் பத்திரமாகத் தங்க வைத்து, மீண்டும் எந்தத் தேதியில் கூடுகிறோம் என்பதை அந்தச் சார்ட் தாளிலேயே எழுதிக் காட்டுங்கள். தாள் உறைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விடுமுறையில் ஊருக்குப் போகும் சூட்கேஸில் அவை தொலைந்தால் மறுபடி தொடங்குவது பெரும்பாடு.