1730 என்றால் எத்தனை மணி?

இரவுப் பணியில் சேர்ந்த புதிதில், 24 மணி நேர முறையில் எழுதிய அட்டவணையில் இருந்த 1730-ஐ ஏழரை என்று படித்துவிட்டேன். கண்ணில் 7 மட்டும்தான் பட்டது. அதிலிருந்து ஒரே பழக்கம்: 13 முதல் 23 வரை எந்த மணி வந்தாலும் முதலில் 2, அப்புறம் 10 கழிப்பேன். 17, 15, 5. சரி, மாலை 5.30. நிமிடத்தைத் தொடவே வேண்டாம்.

0100 முதல் 1159 வரை அப்படியே முற்பகல்.

கவனம் தேவைப்படுவது பன்னிரண்டில்தான். 1215 பகல் 12.15, கழிக்கக் கூடாது. 0015 நள்ளிரவு தாண்டி 12.15. அதற்குள் தேதியும் மாறியிருக்கும்! வெள்ளி 0015 என்றால் வியாழன் இரவே கிளம்பத் தயாராக இருங்கள்.

திருப்பி 24 மணி நேர முறையில் எழுத, பிற்பகல் 1 முதல் இரவு 11 மணி வரை 12 கூட்டுங்கள்: இரவு 9.40 என்பது 2140.