கடலோர முகாமுக்குத் தேதி குறிக்கும் முன்

சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் நடுவே உள்ள சால்ட்வாட்டர் ஸ்டேட் பார்க்கில் கூடாரம் போடப் போகிறீர்களா? வானிலையைப் பார்ப்பதற்கு முன், அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் (NOAA) ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். இலவசம்தான். கடல்மட்டம் மைனஸ் குறியோடு இருக்கும் நாளாகப் பார்த்து இடம் பதிவு செய்து, நீர் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இறங்கிவிடுங்கள்.

அட்டவணையில் பூஜ்யம் என்பது அன்றாடம் வரும் இரண்டு வற்றுகளில் தாழ்ந்ததன் சராசரி. மைனஸ் என்றால் கடல் அதற்கும் கீழே இறங்குகிறது. எப்போதும் நீருக்கடியில் கிடக்கும் பாறைகள் வெளியே வரும். அடியில் ஒட்டிய நட்சத்திர மீன், சுருங்கி வழவழவென்று தொங்கும் கடல் சாமந்தி (பூப் போன்ற கடல் உயிரி), ஓரமாக ஓடும் நண்டு எல்லாம் படகில்லாமலே கண்ணில் படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் இது பெரும்பாலும் அமையும். கல்லைப் புரட்டினால் மெதுவாகப் பழையபடியே வையுங்கள், ப்ளீஸ்.

குளிர்காலத்தில் இது உதவாது, அங்கே அப்போது பெரிய வற்று இரவில்தான் வரும். வாத்துகளைப் பார்க்க வேண்டுமென்றால் நீர் ஏறும் நேரமே சரி, அவை கரைக்கு நெருங்கி வரும். ஓதமே குறைவான மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் அட்டவணையால் பெரிய பலன் இல்லை.