வறட்சியில் பயிரைக் காக்கப்போய் மண்ணை இழக்கும் தவறுகள்

மண் ஆலோசனைப் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த பிழைகளையே மறுபடியும் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். வறட்சி தாங்காத ரகத்தை விதைப்பது போன்றவற்றை எவரும் ஒரே பருவத்தில் திருத்திக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மழையின் மொத்த அளவை மட்டும் பார்ப்பது

ஆண்டு மழை வழக்கமான அளவை எட்டியிருந்தாலும், பூக்கும் தருணத்தில் மண் காய்ந்துவிட்டால் மக்காச்சோளத்தில் மணி பிடிப்பது வெகுவாகக் குறையும். மேலும், வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயரும்போது காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதலான நீராவியைக் கொள்ளும். அதற்கேற்ப ஈரம் கிடைக்காதபோது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அது உறிஞ்சுகிறது. மழையை மட்டும் பார்ப்பது, வரவை எழுதிச் செலவை எழுதாத கணக்கு.

உப்பு நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுவது

பொறுப்பான செயலைப் போலத் தோன்றுவதாலேயே இந்தத் தவறு எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. வறட்சியில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, பல இடங்களில் அதன் உப்பும் கூடுகிறது. லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் அளவுக்குப் பாய்ச்சினால், நிலத்தில் 1 டன் உப்பைக் கொட்டுகிறோம். நீர் ஆவியாகிவிடும், பயிரும் குடித்துவிடும். உப்பில் பெரும்பகுதி அங்கேயே தங்கும். கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடும்போது, அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மண்ணில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைக் காட்டும் மண்சாற்றின் மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 8 டெசிசீமன்ஸ் ஆகும்வரை பார்லி தாங்கும். நெல்லுக்கு 3, பீன்ஸுக்கு 1 என்ற அளவைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கிவிடும்.

இப்படி உப்பேறிய ஒரு பீன்ஸ் வயலில், இலை ஓரங்கள் கருகியதைப் பார்த்த, பயிற்சிக்கு வந்த ஒருவர், சத்துக் குறைபாடு என்று முடிவுகட்டிப் பொட்டாஷ் போடச் சொன்னார். அவர் போடச் சொன்ன மியூரியேட் ஆஃப் பொட்டாஷும் ஓர் உப்புதான். பிறகு தூறல் விழுந்ததும் சொட்டுநீரை நிறுத்தச் சொன்னார். சொட்டுவான்களைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்த உப்பு அத்தூறலில் கரைந்து நேராக வேருக்கு இறங்கியதில், மழைக்குப் பிறகு செடிகள் வாடின. சிறு தூறலின்போது சொட்டுநீரை நிறுத்தக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும், நீரை வீணாக்குகிறோமே என்ற தயக்கம் புதியவர்களை விடுவதில்லை.

நீர் போதாதென்றால் பரப்பைக் குறைத்துக்கொண்டு, அந்தச் சிறிய பரப்புக்குத் தேவைக்குச் சற்று மேலாகவே பாய்ச்சுங்கள். வடிகால் இல்லாத நிலத்தில் அதுவும் பலிக்காது. சோடியம் மிகுந்த களிமண்ணாக இருந்தால், நல்ல நீரால் அலசுவதற்கு முன் ஜிப்சம் இட வேண்டும். இல்லையேல் களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். கிணற்று நீரைப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு அந்த எண்ணையே கடைசிவரை நம்புவதும் இதே தவறின் இன்னொரு முகம்.

காய்ந்த நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுவது

வேண்டாம். 1930களில் அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் மேல்மண் புழுதிப்புயலாகப் பறந்ததற்கு, வறட்சியுடன் உழவும் காரணம்.

அறுவடைக்குப் பின் நிற்கும் தாளை எரிப்பது

மண்ணை மூடிக் காக்கும் மூடாக்கான தாளை எரித்துவிட்டு, ஈரம் ஏன் நிற்கவில்லை என்று கேட்காதீர்கள்.

முதல் கனமழையோடு வறட்சி முடிந்ததாக எண்ணுவது

மூடாக்கின்றிப் பொருக்குத் தட்டிய மண்ணில் கனமழையின் பெரும்பகுதி வழிந்தோடிவிடுகிறது. ஓடும்போது மேல்மண்ணை அரித்துச் சரிவுகளில் ஓடைகளை வெட்டுகிறது. நிலத்தடி நீர் மீள மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம்; வறட்சியில் நலிந்த மரங்கள் மழை திரும்பிய பின்னரும் பட்டுப்போவதுண்டு. துளைக்கருவியை வேர் ஆழம்வரை இறக்கி, அடியிலிருந்து வரும் மண்ணைக் கையில் பிசைந்து ஈரத்தை உறுதி செய்த பிறகே விதைப்புக்கு நாள் குறியுங்கள்.