வேற்று மண்ணில் ஏழை இளையோருக்காக: மறைப்பணிக்குப் புறப்படுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் மறைமாவட்டம் பிறந்தது 1952-இல். அதற்கு முன்பும் பின்பும் வெகுகாலம் வடாற்காட்டுக்கு மறைப்பணியாளர்கள் (மிஷனரிகள்) வெளியிலிருந்துதான் வந்தார்கள். சேத்துப்பட்டில் பிரெஞ்சுக்காரரான தாராஸ் அடிகளார் உழைத்தார். பின்னால் ஐரோப்பாவிலிருந்து சலேசியர்கள், அதாவது தொன் போஸ்கோ தொடங்கிய சபையின் துறவியர், வந்தார்கள். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியும் (1951) காட்பாடி ஆக்சீலியம் கல்லூரியும் (1954) சலேசியக் குடும்பத்தார் எழுப்பியவை. இப்போது காற்று திரும்பியிருக்கிறது. போளூர், ஆரணி, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வடகிழக்கு மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது அவசரமும், விசாரிக்காமல் இறங்குவதும்தான்.

அம்மா வைத்த நேர்ச்சை

"பிள்ளை பிழைத்தால் சாமியாருக்கு விட்டுவிடுகிறேன் தாயே" என்று வேளாங்கண்ணியில் வேண்டிக்கொண்ட அம்மாக்கள் நம் கோயில் பங்குகளில் நிறைய உண்டு. அந்த வேண்டுதலைக் காட்டிப் பையனை அனுப்புவது முதல் தவறு. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று திருச்சபைச் சட்டம் 1193-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. அதோடு, வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ நவதுறவகத்தில் (துறவறப் பயிற்சி ஆண்டில்) சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது (எண் 643). அம்மாவின் நேர்ச்சையை அம்மா வேறு வகையில் தீர்த்துக்கொள்ளலாம். பங்குத்தந்தையிடம் கேட்டால் வழி சொல்வார்.

இதற்கு நேர் எதிரான தவறு, "ஃபாரின் மிஷன்" என்று நாட்டை முதலில் முடிவு செய்துகொண்டு துறவற சபையைத் தேடுவது. மறைப்பணியாளர் என்பவர் அனுப்பப்படுகிறவர். சலேசிய சபையில் வேற்று நாட்டுப் பணிக்கு விரும்புகிற உறுப்பினர், தம் சபை மாநிலத்தின் தலைவரோடு (புரொவின்ஷியல்) பேசித் தெளிந்தபின், உலகத் தலைவரான ரெக்டர் மேஜருக்குக் கடிதம் எழுத வேண்டும். எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது அவர்கள். "எனக்குக் கென்யாதான்" என்று எழுதும் கடிதத்தைவிட "எங்கே தேவையோ அங்கே" என்று எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: 1875 நவம்பர் 11 அன்று கலியேரோ தலைமையில் முதல் குழுவை அர்ஜென்டினாவுக்கு அனுப்பிய தொன் போஸ்கோ, தாம் கடல் தாண்டிப் போகவே இல்லை. ஆசைப்பட்டார், அவருடைய ஆன்ம வழிகாட்டி கஃபாசோ வேண்டாம் என்றார், கேட்டுக்கொண்டார்.

வேற்றுப் பண்பாடு தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. ஜமுனாமரத்தூர் பக்கம் ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி ஊர் ஒன்றில் இரண்டு மாதம் தங்கிப் பாருங்கள். தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்களுடைய நேரக் கணக்கு வேறு, ஊர்க் கட்டுப்பாடு வேறு, பள்ளிக்கூடத்தைப் பற்றிய எண்ணம் வேறு. இரண்டாவது வாரமே "இவங்களைத் திருத்தவே முடியாது" என்று வாயில் வந்தால், எதியோப்பியாவிலும் அதுதான் வரும்.

காகிதத்தில் நடக்கிற குளறுபடி

சபையில் சேரத் திருமுழுக்கு, உறுதிபூசுதல் பெற்றதற்கும் திருமணத் தடையற்ற நிலைக்கும் சான்று வேண்டும் (எண் 645). பலர் இப்போது இருக்கும் பங்கில் போய்க் கேட்டுவிட்டு அலைகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதால், மூத்த பிள்ளையின் திருமுழுக்குப் பதிவு பெரும்பாலும் அம்மா ஊர்ப் பங்கில் இருக்கும். அந்த ஊர் அப்போது கிளைக் கிராமமாக இருந்து பிறகு தனிப் பங்காகப் பிரிந்திருந்தால், பழைய ஏடு தாய்ப் பங்கிலேயே இருக்கும். பிறந்த ஆண்டில் அந்த ஊர் எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்று உபதேசியாரையோ ஊர்ப் பெரியவரையோ முதலில் கேளுங்கள். ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு புதிதாக எடுத்த நகல்தான் வேண்டும். முதல் நன்மைக்கு வாங்கி பீரோவில் வைத்த பழைய தாள் போதாது.

பெயரில் இன்னும் பெரிய சிக்கல். ஏட்டில் அந்தோணிசாமி, பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர், ஆதாரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். எங்கள் பகுதியில் இதற்கு ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும், பேசத்தான் தயங்குவார்கள். 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. அதனால் தலித் குடும்பங்கள் பல, பள்ளியில் ஒரு பெயரும் கோயிலில் ஒரு பெயருமாக வாழ்ந்துவருகின்றன. அந்தப் பையனைக் குற்றவாளி போல நிற்க வைக்க வேண்டாம். ஆனால் இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதைச் சட்டப்படி நேர்செய்யும் வேலையைப் பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். விசா விண்ணப்பத்தின்போது தொடங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுவதும் தவறு. ஒற்றைப் பெயரோடு வருகிறவர்களைச் சில நாடுகள் ஏற்பதில்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போடுங்கள்.

பொறியியல் முடித்துவிட்டு வருகிறவர்கள் மறைக்கிற விஷயம் கல்விக்கடன். அடைக்க முடியாத கடனுள்ளவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது எண் 644. வங்கிக் கடிதத்தோடு போய் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டு வருடம் வேலை பார்த்து அடைத்துவிட்டு வா என்பார்கள். அது நிராகரிப்பு இல்லை.

நவதுறவகம் பன்னிரண்டு மாதம். அதில் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த ஆண்டே செல்லாது. பதினைந்து நாள் தாண்டினால் ஈடு செய்தாக வேண்டும். ஊர்த் திருவிழா, அக்கா வளைகாப்பு என்று அழைக்கும் உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் பேசாமல் போவது

மூத்த மகனுக்கு நம் வீடுகளில் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு: தங்கை கல்யாணம், அவள் பிள்ளைக்குத் தாய்மாமன் சீர், அப்பாவின் கடைசிக் காரியம். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவரால் சீர் செய்ய முடியாது. அடக்கத்துக்கு வந்து சேரவும் முடியாமல் போகலாம். இதைப் புறப்படுவதற்கு முந்தின வாரம் சொல்வது கொடுமை. நவதுறவகத்துக்கு முன்பே, தாய்மாமனையும் சித்தப்பாவையும் உட்கார வைத்து, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று பேசி முடியுங்கள். போன பிறகு தினமும் வீடியோ காலில் குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வேண்டாம். வாரம் ஒரு முறை போதும்.

வாயும் வயிறும்

முதல் ஆண்டு மொழிக்குத்தான். ஆங்கிலத்தில் ஒப்பேற்றலாம் என்று பள்ளி நிர்வாகத்தில் இறங்கியவர்கள் ஐந்தாவது ஆண்டிலும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு திரிவார்கள். வீரமாமுனிவர் நம் மொழியைக் கற்ற கதையை மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், அந்த உழைப்பை அடுத்தவர் மொழிக்குச் செய்ய வேண்டாமா?

தமிழருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் எழுத்தில் வல்லின ஒலிக்கும் அதன் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து இல்லை. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் அப்பாவுக்கும் (baba) சுறாமீனுக்கும் (papa) அந்த ஒலிதான் வேறுபாடு. குறிப்பேட்டில் இரண்டையும் "பாபா" என்றே எழுதி வைப்போம். ஆகவே புதுச் சொற்களைத் தமிழில் எழுதிப் பழகாமல் ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். எழுதியதை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பிள்ளை சிரித்துவிடும், திருத்தியும் விடும்.

சாப்பாட்டில், ஊரிலிருந்து வந்த சாம்பார்ப் பொடியைத் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவது குழுவை உடைக்கும். பொடி கொண்டுபோங்கள், எல்லாருக்கும் சேர்த்துச் சமையுங்கள். மற்ற நாள்களில் உகாலி (அங்கத்திய மக்காச்சோளக் களி) என்றால் உகாலி.

பிள்ளைகள் நடுவே

தொன் போஸ்கோவின் தடுப்புமுறைக் கல்வி நிற்பது அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின் மேல். தவறு நடந்தபின் தண்டிப்பதல்ல, நடக்காதபடி கூடவே இருப்பது. நம்மவர்கள் இதைப் பாடமாக ஒப்பிப்பார்கள்; மைதானத்தில் மாலை ஐந்து மணிக்கு விளையாட்டு நடக்கும்போது அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். சண்டை, திருட்டு, சின்னவனை மிரட்டுவது எல்லாம் யாரும் பார்க்காத அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் முளைக்கும். பிறகு பிரம்பைத் தேடுவார்கள். பிரம்பு நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பழக்கம். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே அதைத் தடை செய்திருக்கிறது. போர் பார்த்த பிள்ளைகளிடம் அதை எடுத்தால், பல மாதம் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

வந்து சேர்ந்த முதல் நாளே "உன் அப்பா எங்கே, எப்படித் தப்பித்தாய்" என்று விசாரிப்பதும் பெரிய தவறு. முகாமிலிருந்தோ தெருவிலிருந்தோ வரும் பிள்ளை, கேட்கிறவருக்குப் பிடித்த கதையைச் சொல்லக் கற்றிருக்கும். குளிக்க இடம், சாப்பாடு, படுக்கை, பந்து. இவை முதலில். கதை வரும்போது வரட்டும்.

கதவு சாத்திய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது. பேச வேண்டுமானால் எல்லாரும் பார்க்கிற இடத்தில், காது எட்டாத தூரத்தில். காப்பகப் பிள்ளைகளின் முகத்தை முகநூலில் போட்டு நன்கொடை கேட்பது இரக்கமல்ல. இந்தியாவில் பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். காட்பாடி ஜங்ஷனில் தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டாலும் அப்படியே விடுதிக்கு அழைத்துப்போகாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் நிறுத்தப்பட வேண்டும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் சொல்வது கட்டாயம். "சபைக்குக் கெட்ட பேர் வரும்" என்று மூடிவைப்பவரும் தண்டனைக்கு உரியவர்.

தொழிற்பயிற்சியில் நடக்கிற தவறு வேறு மாதிரி. நன்கொடையாக இருபது தையல் இயந்திரம் கிடைத்தது என்பதற்காகத் தையல் வகுப்பு தொடங்குவார்கள். ஊசி உடைந்தால் வாங்கக் கடை இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை, சந்தையில் பழைய துணி மூட்டை மூட்டையாக மலிவாக வந்து இறங்குகிறது. ஆறே மாதத்தில் இயந்திரங்களுக்கு உறைபோட்டு மூடிவிடுவார்கள். முதலில் ஊரைச் சுற்றி எத்தனை வெல்டிங் பட்டறை, மெக்கானிக் கடை, தச்சுக்கூடம் இருக்கின்றன, யார் யார் பையன்களைப் பழகச் சேர்ப்பார்கள் என்று நடந்தே எண்ணுங்கள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும், எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதை அல்ல.

பணமும் மதமும்

பையன்களுக்குத் தனித்தனியாகக் கையில் பணமோ செல்போனோ கொடுக்காதீர்கள். வாங்காதவன் பகையாவான், வாங்கியவன் கணக்குப் பார்ப்பான். வேற்று நாட்டு நண்பர் நம் ஊர் விடுதிக்கு உதவ நினைத்தால், அதை வேலூரிலுள்ள தம்பியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்ட மீறலில் போய் முடியும். பதிவு பெற்ற அமைப்பின், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து சேர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

வடகிழக்குக்கும் ஒடிசாவுக்கும் போகிறவர்கள் அங்குள்ள மதமாற்றச் சட்டங்களைப் படித்துவிட்டுப் போகவும்: ஒடிசாவில் 1967, அருணாச்சலத்தில் 1978, ஜார்க்கண்டில் 2017. பரிசுப் பொருளையும் தூண்டுதலாகக் கருத இடமுண்டு. மாலை டியூஷனையும் செபக்கூட்டத்தையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் வைத்துக் குழப்பாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல. யாரையும் மனச்சாட்சிக்கு எதிராக விசுவாசத்துக்குள் இழுக்கக் கூடாது என்பது திருச்சபையின் சொந்தச் சட்டமும்தான் (எண் 748).

காய்ச்சல்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும்; கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். இப்போது ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும், அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். மலேரியா மாத்திரையைத் திரும்பி வந்ததும் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். விடுமுறைக்கு வந்த இடத்தில் காய்ச்சல் அடித்தால், தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வராமல், ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லி, அன்றைக்கே மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.