ஏற்காட்டுப் பனியில் துருப்பிடித்த அடுப்பு ஸ்டாண்டு: சோடா, அரப்பு, கடலை எண்ணெய் போதும்

செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்தவரை கேஸ் அடுப்பின் வார்ப்பிரும்பு ஸ்டாண்டைக் கழுவி மொட்டை மாடியில் வைத்தால் போதும். சேலத்து வெயிலுக்குக் கால் மணி நேரத்தில் கையில் தொட முடியாதபடி காய்ந்துவிடும். ஏற்காட்டுக்குக் குடிவந்த முதல் ஆடியில், குத்துவிளக்குக்குப் பளபளப்பு தருகிற புளி இதற்கும் தராதா என்று ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் கரி போயிருந்தது. கூடவே இரும்பின் மேலிருந்த கருப்புப் பூச்சும் போய், மதியத்துக்குள் காவி நிறத்தில் துரு பூத்துவிட்டது.

சேலம் உருக்காலையின் ஸ்டெயின்லெஸ் எஃகில் குரோமியம் இருப்பதால் அது லேசில் துருப்பிடிப்பதில்லை. வார்ப்பிரும்புக்கு அந்தக் கவசம் கிடையாது. புளியில் ஊறினால் துருதான்.

தேவையானவை: சமையல் சோடா 3 ஸ்பூன், அரப்புத்தூள் ஒரு கைப்பிடி, தேங்காய் நார், கொட்டாங்குச்சித் துண்டு, வெந்நீர், கடலை எண்ணெய் அரை ஸ்பூன், பழைய பருத்தித் துணி இரண்டு.

முதலில் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியதும் ஸ்டாண்டை எடுங்கள். அடியில் ரப்பர் புஷ் இருந்தால் கழற்றி வையுங்கள். பிறகு தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் அது எனாமல் பூச்சு. அதைச் சுரண்டவும் வேண்டாம், எண்ணெய் போட்டுச் சூடாக்கவும் வேண்டாம், சோடாவும் மெல்லிய துணியும் போதும். சொரசொரப்பாக இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

தண்ணீர் படுவதற்கு முன்பே, காய்ந்த கரியைக் கொட்டாங்குச்சி விளிம்பால் சுரண்டிவிடுங்கள். பாதி வேலை இதிலேயே முடியும். அப்புறம் 3 ஸ்பூன் சோடாவுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்து, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் அப்பி 20 நிமிடம் விடுங்கள். அதன்மேல் வினிகரை ஊற்றி நுரை பொங்குவதை ரசிப்பவர்கள் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சோடாவின் காரமும் வினிகரின் புளிப்பும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர்தான். சோடா அலுமினியத்தில் பட்டால் கருக்கும், அதனால் அலுமினியத் தட்டில் வைக்காதீர்கள்.

வெந்நீர் ஊற்றி, அரப்புத்தூளைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேயுங்கள். தலையில் வைத்த எண்ணெயை எடுக்கிற அதே அரப்புதான், இரும்பில் உள்ள எண்ணெயையும் எடுக்கும். துரு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் உப்பு தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்து, 5 நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. துணியால் அழுத்தித் துடைத்து, உடனே அடுப்பில் பொருத்தி, சிறு தீயில் 5 நிமிடம் வையுங்கள். ஆடி, ஐப்பசி மாதங்களில் இங்கே துணியே இரண்டு நாளைக்குக் காயாது. இரும்பு தானாகக் காயும் என்று நம்பினால் துருதான். அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கடலை எண்ணெயைத் துணியில் தொட்டு மூலை முடுக்கெல்லாம் தடவுங்கள். பிறகு இன்னொரு துணியால், தடவியதையே திரும்ப எடுப்பது போலத் துடையுங்கள். மெல்லிய படலம் மட்டும் நிற்க வேண்டும். மறுபடி 10 நிமிடம் தீயில் வையுங்கள். லேசாகப் புகையும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சூட்டில் எண்ணெய் இறுகிக் கருப்புப் பூச்சாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு நன்றாக இறுகாது. கம்பியின் உள்முனைதான் நன்கு சூடேறும். வெளிப்பக்கம் பிசுபிசுத்தால் ஆறியபின் துடைத்துவிடுங்கள். ஒரு தடவையில் கருப்பு முழுசாக வராது. நான் மூன்று முறை போட்டேன்.

சரி, கரைத்து வைத்த புளி மிச்சமிருந்தால் பித்தளை பர்னருக்குப் போடுங்கள், அங்கே அது நன்றாக வேலை செய்யும். கழுவியபின் ஓட்டைகளில் ஈரம் இல்லாமல் காயவைத்துப் பொருத்துங்கள்.