ஆட்டு மூக்கை சிடி ஸ்கேனில் படிக்க: எலும்பை விட்டுக் காற்றைப் பிடியுங்கள்

ஆட்டின் மூக்குக்குள் சுருண்டு கிடக்கும் எலும்புத் தகடுகள் பல இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கத்தி வைத்தால் நொறுங்கிவிடும். சிடி ஸ்கேனிலும் அந்த எலும்பு மங்கலாகத்தான் விழும். ஆனால் தகடுகளுக்கு இடையே ஓடும் காற்று பளிச்சென்று கறுப்பாகத் தெரியும். அந்தக் காற்றின் வடிவத்தை எடுத்துவிட்டால் மூக்கின் வடிவம் கிடைத்துவிடும்.

1. தலை வாங்குவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசாரில் (சந்தையில்) ஆட்டுக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தில் தலையைத் தீயில் வாட்டி, மூளை எடுக்க நடுவில் பிளந்தும் கொடுத்துவிடுவார். சூடு பட்டால் சளிச்சவ்வு சுருங்கும். பிளந்தால் மூக்கின் இரு பக்கங்களையும் பிரிக்கும் நடுச்சுவர் போய்விடும். காதில் உலோக அடையாளம் இருந்தால் கழற்றிவிடுங்கள், படத்தில் கீற்று விழும். கையுறையும் முகக்கவரியும் கட்டாயம். நம் நாட்டு ஆடுகளில் மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று உண்டு, அது மனிதருக்கும் ஆபத்தான நோய்.

2. கழுவுவது

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அறுக்கும்போது இரத்தம் மூக்குக்குள் ஏறி உறைந்திருக்கும். ஸ்கேனில் உறைந்த இரத்தமும் சளிச்சவ்வும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம், பிரித்தறிய முடியாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு கலக்குங்கள். ஊசியில்லாத 50 மில்லி சிரிஞ்சால் தொண்டைப் பக்கமிருந்து மெதுவாகச் செலுத்துங்கள். மூக்குத் துளையில் தெளிந்த நீர் வரும்வரை இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். பிறகு மூக்கு கீழே இருக்கும்படி மூன்று மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் தொங்கவிடுங்கள். குறுகிய இடுக்கில் நீர் தங்கினால் அது படத்தில் தசைபோலத் தோன்றும்.

உறைய வைக்க வேண்டாம். பனிப் படிகம் சவ்வைக் கிழிக்கும், திசுவின் அளவீடும் மாறிவிடும். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் ஸ்கேனுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

3. ஸ்கேன்

இயந்திரத்தை உரிமம் உள்ளவர்தான் இயக்குவார்; கால்நடை மருத்துவமனையில் முன்பதிவு செய்யுங்கள். கேட்க வேண்டியவை: 120 கிலோவோல்ட், துண்டுத் தடிப்பு (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிப்பு) 0.6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழ், எலும்பு விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் வடிப்பு, 180 மில்லிமீட்டர் பார்வைப் பரப்பு (படத்தில் அடங்கும் அகலம்). அதைப் படத்தின் அகலத்திலுள்ள 512 புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளி 0.35 மில்லிமீட்டர். தாடைக்கடியில் துவாலையைச் சுருட்டி வைத்து மூக்கை நேராக்குங்கள். மெல்லிய துண்டுப் படங்களின் டைகாம் (மருத்துவப் படக் கோப்பு வகை) கோப்புகளைக் கையோடு வாங்கி வாருங்கள். 3 மில்லிமீட்டர் தடிப்பில் வந்த படம் இந்த வேலைக்கு உதவாது.

ஸ்கேன் கிடைக்கவில்லையா? மார்ஃபோசோர்ஸ் என்ற இணையதளத்தில் விலங்குத் தலை ஸ்கேன்கள் உள்ளன; அவற்றில் பழகலாம்.

4. காற்றைப் பிரிப்பது

இலவச மென்பொருள் 3டி ஸ்லைசர் போதும். கோப்பைத் திறந்து, படத்தின் பகுதிகளைப் பிரிக்கும் செக்மெண்ட் எடிட்டரில் திரெஷோல்ட் (எல்லை மதிப்பு) போடுங்கள். சிடி படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் காற்று −1000, மென்திசு சுமார் +50. இரண்டுக்கும் நடு −475. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் காற்று.

வெளிக்காற்றும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும். மூக்குத் துளையிலும் தொண்டையிலும் சிசர்ஸ் கருவியால் வெட்டிவிட்டு, ஐலண்ட்ஸ் கருவியில் பெரிய தீவை (ஒட்டிய காற்றுப் பகுதியை) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றி எலும்பின் காற்றறைகள் இதில் காணாமல் போகலாம். அவை வேண்டுமானால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இப்போது குறுக்குவெட்டாகப் பாருங்கள். மேலே மேல் சுருள், கீழே இரட்டையாகச் சுருண்ட கீழ்ச் சுருள், பின்னால் கண்களுக்கு நடுவே மோப்பச் சுருள்கள். கீழ்ச் சுருளின் இடுக்கு இரண்டு புள்ளிகளுக்கும் குறுகினால் மென்பொருள் அதை அடைத்துவிடும். அதற்காக எல்லையை மொத்தமாக ஏற்றாதீர்கள், மற்ற இடமெல்லாம் வீங்கிவிடும். ஒவ்வொரு துண்டுப் படமாகக் கையால் வரையுங்கள். விளிம்பை மழுப்பும் ஸ்மூத்திங் கருவியைத் தொடாமலிருப்பதே நல்லது; மெல்லிய தகடுகள்தான் முதலில் அழியும்.

5. அளப்பது

மென்பொருளின் செக்மெண்ட் ஸ்டாடிஸ்டிக்ஸ் பகுதி காற்றின் கன அளவைத் தரும். −375, −575 இரண்டு எல்லைகளிலும் மறுபடி அளந்து, மூன்று எண்களையும் எல்லையோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். எண்கள் வெகுவாக விலகினால் மூக்கில் நீர் மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.