எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும்போது செய்யக் கூடாதவை: ஒரு கானமேளாக்காரனின் புலம்பல்

போன மாதம் என்னிடம் கிட்டார் படிக்கும் பையன் ஒருவன், அக்கா கொடுத்த பணத்தில் புதுசாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். பையைத் திறந்தான். கூரான இரண்டு கொம்பு, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பளபளவென்ற கருப்பு பிரிட்ஜ், கழுத்தின் உச்சியில் கம்பிகள் படிந்துபோகும் நட் என்ற சின்னக் கட்டை இருக்கும் இடத்தில் மூன்று பூட்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன்னால் நான் வாங்கி அழுத அதே ஜாதி. "எப்படிண்ணே இருக்கு?" என்றான். "நல்லா இருக்கு மக்கா" என்று சொல்லிவிட்டு டீ போடும் சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

வாங்குவதற்கு முன்னால் அவன் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக் கூடியதை இங்கே எழுதுகிறேன். 20,000 முதல் 35,000 ரூபாய் வரை கையில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் சர்ச் கொயர், கோயில் திருவிழா, கானமேளா என்ற மேடைப் பாட்டுக் கச்சேரி, கல்யாண ரிசப்ஷன் என்று வாசிக்கப்போகிறவர்களை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். கேபிள் வாங்க மறக்காதே, கம்பி துருப்பிடித்திருக்கிறதா பார் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

மிதக்கும் பிரிட்ஜ்

ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய அமைப்பு இது. சுருதியை வளைக்கப் பிரிட்ஜில் மாட்டியிருக்கும் வாமி பார் என்ற கைப்பிடியைப் பிடித்து என்ன ஆட்டு ஆட்டினாலும் சுருதி கலையாமல் இருக்க, கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் இரண்டு பக்கமும் பூட்டிவிட்டார். ஹெவி மெட்டல் வாசிப்பவர்களுக்கு அது பெரிய வரம். நமக்கு அது என்ன என்பதற்கு ஒரு கதை.

பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தேவாலயத் திருவிழா. மேடையேற பத்து நிமிடம் இருக்கிறது. பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "எல்லாப் பாட்டும் அரைக்கட்டை இறக்கிடுவோமா?" என்றார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டினார், முடிந்தது. பேஸ் கிட்டார்காரர் நான்கு முறுக்காணியைத் திருகினார், முடிந்தது. நான் பூட்டைத் திருகும் ஆலன் கீ என்ற சின்னச் சாவியைத் தேடினேன்.

பல கம்பிகளைச் சேர்த்து வாசிக்கும் கார்டு மட்டும் என்றால், ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பாரே பிடித்து ஒப்பேற்றிவிடலாம். முதல் பாட்டின் ஆரம்ப லீடே விரல் வைக்காத திறந்த கம்பியில்தான் இருந்தது. இறக்கியே ஆக வேண்டும். சரி, நட்டின் மூன்று பூட்டையும் தளர்த்தி, தடித்த கம்பியை அரைக்கட்டை இறக்கினேன். அடுத்த கம்பிக்குப் போனால் அது தானாகவே ஏறி நிற்கிறது. அதை இறக்கினால் மூன்றாவது ஏறுகிறது. ஆறாவது கம்பியை முடித்துவிட்டு முதலாவதைத் தட்டிப் பார்த்தேன், அது வேறு எங்கேயோ இருந்தது. இந்த லட்சணத்தில் ஆலன் கீ கை நழுவி மேடைப் பலகை இடுக்கில் விழுந்துவிட்டது. மைக்செட் பையன் ஒருவன் மேடைக்கு அடியில் புகுந்து செல்போன் வெளிச்சத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டார்கள்.

ஏன் இப்படி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. விஷயம் தராசு மாதிரிதான். சாதாரணமாக எல்லோரும் போடும் 9-42 என்ற பருமனுள்ள கம்பி செட் முழுச் சுருதியில் நிற்கும்போது ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ விசையில் பிரிட்ஜை முன்னால் இழுக்கின்றன. கிட்டாரின் முதுகுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதைத் திருப்பி இழுக்கின்றன. பிரிட்ஜ் எதிலும் உட்காராமல் இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில் மிதக்கிறது. ஒரு கம்பியைத் தளர்த்தினால் அந்தப் பக்கத் தட்டு லேசாகிறது, ஸ்பிரிங் பிரிட்ஜைச் சாய்க்கிறது, மற்ற ஐந்தும் ஏறிவிடுகின்றன. அரைக்கட்டை இறக்க வேண்டுமென்றால் பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஸ்குருவையும் தளர்த்த வேண்டும். அதை யார் மேடை ஓரத்தில் நின்று செய்வது?

அன்றைய கூத்து அதோடு முடியவில்லை. நாலாவது பாட்டில் ஒரு கம்பி அறுந்தது. சாதாரண கிட்டாரில் கம்பி அறுந்தால் மீதி ஐந்தை வைத்துப் பாட்டை முடித்துவிடலாம். இதில் ஒன்று அறுந்ததும் ஐந்தும் சுருதி விட்டன. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விட்டு, பாட்டு முடியும்வரை வாசிப்பதுபோல நடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

அசல் அமைப்பு உறுதியானது, அதில் சந்தேகமில்லை. மெட்டல் மட்டும்தான் வாசிப்பேன் என்று தெளிவாக இருப்பவர், பணமும் இருந்தால் தாராளமாக வாங்கட்டும். நம் பட்ஜெட்டில் வரும் மலிவுப் பதிப்பில் என்ன சிக்கல் என்றால், பிரிட்ஜ் இரண்டு தூண்களின்மேல் கத்திமுனை போன்ற விளிம்பில் நின்று ஆடுகிறது. உலோகம் மட்டமாக இருந்தால் அந்த விளிம்பு சீக்கிரமே மழுங்கும். மழுங்கியபிறகு பாரை ஆட்டிவிட்டால் பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. எதற்காக இந்தப் பூட்டெல்லாம் கண்டுபிடித்தார்களோ அதுவே நடப்பதில்லை. விற்கப் போனேன், பாதி விலைக்குக் கேட்டார்கள்.

கடைசியில் பக்கத்து வீட்டு ஆசாரிதான் கைகொடுத்தார். பின்மூடியைத் திறந்து காட்டி விஷயத்தைச் சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டில் வேலையில் மிஞ்சிய பலாத்துண்டு இரண்டை இழைத்து, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் உலோகக் கட்டைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இறுக்கமாகச் செருகினார். பிரிட்ஜ் அசையாமல் நின்றது. சுருதியும் நின்றது. "இதுக்கு எதுக்குவே இவ்வளவு ரூவா கொடுத்து ஆடுறத வாங்கினீரு?" என்று கேட்டார். பதிலில்லை.

அதனால் முதல் கிட்டாருக்கு அசையாத பிரிட்ஜ் பாருங்கள். டெலிகாஸ்டர் வகையும் லெஸ் பால் வகையும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஸ்ட்ராட் வகையில் வாமி பார் இருக்கும், ஸ்பிரிங்கும் இருக்கும், ஆனால் பயப்பட வேண்டாம். பின்னால் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குருவை முறுக்கினால் பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி உட்கார்ந்துவிடும், பூட்டும் சாவியும் கிடையாது. நட்டில் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், கண்டுபிடித்துவிடலாம்.

மொத்தப் பணத்தையும் கிட்டாரிலேயே போடுவது

30,000 ரூபாய் இருந்தால் 30,000 ரூபாய்க்கே கிட்டார் வாங்குகிறார்கள். பிறகு சர்ச் மிக்சரில் நேராகச் செருகிவிட்டு "சத்தம் தகரம் மாதிரி இருக்கு" என்று கிட்டாரைத் திட்டுகிறார்கள். கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் சாதாரண மிக்சர் லைனுக்குப் பொருந்தாது, மேல் ஒலிகள் மங்கிப்போகும். ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயர்) குணமும் அங்கே கிடையாது. நடுவில் சிக்னலை மிக்சருக்குப் பொருந்தும்படி மாற்றும் ஒரு டி.ஐ. பாக்ஸோ, ஆம்ப்பின் குணத்தையும் சேர்த்துத் தரும் சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியோ வேண்டும். நான் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கச் சொல்வேன். வீட்டில் வாசிக்கச் சின்ன ஆம்ப் போதும். கானமேளாவுக்கு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் ஏற யாருக்கும் முடியாது, எனவே மல்டி எஃபெக்ட்ஸுக்கே என் ஓட்டு.

இரைச்சலை மறப்பது

கடையில் அமைதியாக இருக்கும். மேடையில் சீரியல் செட், ஜெனரேட்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் சுற்றி இருக்கும். ஒரே ஒரு கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் அதையெல்லாம் பிடித்து 'ம்ம்ம்' என்று இரையும். போதகர் ஜெபம் பண்ணும்போது அந்த இரைச்சல் கேட்டால் முதல் வரிசை முழுக்க உங்களைத் திரும்பிப் பார்க்கும். அனுபவம்.

இந்தத் தொல்லைக்காகத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1950களின் நடுவில் ஹம்பக்கரை வடிவமைத்தார். இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி இணைத்தால் இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். அதற்காக சிங்கிள் காயிலின் கணீர் சத்தத்தையும் விட மனம் வராது, நம் பாட்டுகளுக்கு அது தேவை. பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டும் சிங்கிள் காயிலுமாக வருவதை எச்.எஸ்.எஸ். என்பார்கள். யமஹா பசிஃபிகா 112 அந்த வகை, என்னிடம் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயரும் அதுதான். ஸ்குயர் ஸ்ட்ராட்டிலும் எச்.எஸ்.எஸ். மாடல்கள் உண்டு.

செட்டப் செய்யாமல் திட்டுவது

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஈரம் ஏறி இறங்கும்போது கழுத்து மரமும் கொஞ்சம் வளையும், நிமிரும். மே மாதம் வெண்ணெய் மாதிரி இருந்த கிட்டார் ஜூலையில் கம்பி உயர்ந்து விரலை அறுக்கும். கிட்டார் கெட்டுவிட்டதாக நினைத்து ஒருவன் விற்றே விட்டான். கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்ய ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு கழுத்துக்குள் இருப்பதே இதற்குத்தான். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். முதல் முறை தெரிந்தவரிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

போட்டோ பார்த்து வாங்குவது

கழுத்தைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வேண்டாம். லெஸ் பால் வகையில் கம்பி நீளம் சுமார் 628 மில்லிமீட்டர், ஸ்ட்ராட்டில் 648. சின்னக் கைக்கு இந்த இரண்டு சென்டிமீட்டர் தெரியும்.

பழைய கிட்டார்

வாங்கலாம். கழுத்தை மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுக்கியிருந்தால் டீ குடித்துவிட்டு, வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

ஸ்டார்ட்டர் பேக் (கிட்டார், ஆம்ப், கேபிள் எல்லாம் ஒரே பெட்டியில்)

வேண்டாம்.

கலர்

உங்கள் இஷ்டம். என்னுடையது கருப்பு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பலாத்துண்டுகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. அந்தப் பையன் வரும் ஞாயிற்றுக்கிழமை தன் கிட்டாரைக் கொண்டுவருகிறான், ஆசாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.